7 வருடம், ஒரே போன்: லினியேஜ் ஓஎஸ்ஸும் ஏடிபியும்

என் போனில் செட்டிங்ஸுக்குள் போய் ஆண்ட்ராய்டு பதிப்பு என்ற வரியைத் தொட்டால் இரண்டு தேதிகள் தெரியும். ஒன்று, ஆண்ட்ராய்டின் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த மாதம் வரை வந்திருக்கின்றன என்பது. அது பெரும்பாலும் போன மாதமாகவோ இந்த மாதமாகவோ இருக்கும். இன்னொன்று, போனைச் செய்த நிறுவனம் கடைசியாகக் கொடுத்த திருத்தத்தின் தேதி. அது 2020 அக்டோபரில் நின்றது, நின்றதுதான். இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் இருக்கும் வருடங்கள் முழுக்க, நான் முகம் பார்க்காத சிலர் இலவசமாகக் கொடுத்தவை.

2018 கடைசியில் வாங்கிய போன் இது. 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, வாங்கும்போது ஆண்ட்ராய்டு 8.1. மறுவருடம் 9 வந்தது. அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தம் மூன்று மாதத்துக்கு ஒன்றானது, அப்புறம் அதுவும் இல்லை. போனுக்கு வயது இரண்டுதான். திரையில் கீறல்கூட இல்லை. சேவை மையத்தில் கேட்டபோது, "அப்டேட் வேணும்னா புது மாடல் பாருங்க சார்" என்றார்கள். வேலை செய்கிற ஒரு பொருளைத் தூக்கிப் போடச் சொன்னது அன்றைக்கு எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

2021 மே மாதம் லினியேஜ் ஓஎஸ் 18.1-க்கு மாறினேன். அப்போது அது ஆண்ட்ராய்டு 11. தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: 2009-இல் ஸ்டீவ் கொண்டிக் தொடங்கிய சயனோஜன்மாட் என்ற கஸ்டம் ரோம் (நிறுவனம் கொடுத்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலாகப் போனில் போடும் மாற்று இயங்குதளம்), பின்னால் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போய், 2016 டிசம்பரில் அந்த நிறுவனம் சேவையை மூடியது. மூலநிரல் திறந்தது என்பதால் அதே டிசம்பரிலேயே தன்னார்வலர்கள் அதை எடுத்து லினியேஜ் ஓஎஸ் என்று தொடர்ந்தார்கள்.

போட்ட அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புதிதாக முயல்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் அதில்தான் இருக்கின்றன.

முதலில் பில்ட் நம்பரை 7 முறை தொட்டு டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்தேன். ஆண்ட்ராய்டு 4.2-இலிருந்து அந்தப் பக்கம் இப்படித்தான் ஒளிந்திருக்கிறது. ஓஇஎம் அன்லாக்கிங், யூஎஸ்பி டீபக்கிங் இரண்டையும் போட்டுவிட்டு மடிக்கணினியில் இணைத்து, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவியில் 'ஏடிபி டிவைசஸ்' என்று தட்டினால் பட்டியல் காலி. ஒரு மணி நேரம் டிரைவரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். குறை கேபிளில் இருந்தது. பவர்பேங்கோடு வந்த அந்த கேபிளில் சார்ஜ் போகும் கம்பி மட்டும்தான் உண்டு, டேட்டா கம்பியே கிடையாது. கேபிளை மாற்றியதும் போனின் சீரியல் எண் வந்து நின்றது.

பூட்லோடரை, அதாவது போன் தொடங்கும்போது முதலில் ஓடும் நிரலை, அன்லாக் செய்தால் போனில் உள்ளதெல்லாம் அழியும். தெரிந்துதான் செய்தேன், படங்களை முந்தைய நாளே நகல் எடுத்திருந்தேன். பூட்லோடரோடு பேசும் ஃபாஸ்ட்பூட் கருவியால் ரெக்கவரியை (புது அமைப்பை நிறுவ உதவும் சிறு நிரலை) எழுதி, ரெக்கவரிக்குள் போய், ரோமைக் கணினியிலிருந்து ஏடிபி ஸைட்லோட் கட்டளை மூலம் அனுப்பத் தொடங்கினேன். சதவீதம் ஏறிக்கொண்டே வந்தது. 47-இல் நின்றது. முனையத்தில் ஒரு பிழை வரி: கட்டளையைப் படிக்க முடியவில்லை என்று தொடங்கி, 'சக்சஸ்' என்று முடிந்தது. தோல்வியா வெற்றியா? போன் செங்கல்லாகிவிட்டது என்றே நினைத்தேன். போனைத் தொடாமல் லினியேஜின் வழிகாட்டிப் பக்கத்தைத் திறந்தால், அதே வரி அங்கே அச்சாகியிருந்தது. சில சமயம் 47 சதவீதத்தில் நின்று இப்படிச் சொல்லும், அதுவும் வெற்றிதான் என்று. அந்தக் குறிப்பை எழுதி வைத்தவருக்கு இன்றைக்கும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன். பிறர் எங்கே பயப்படுவார்கள் என்று யோசித்து எழுதிய ஆவணம் அது.

அதற்குப் பிறகு அப்டேட் என்பது பெரிய விஷயமே இல்லை. என் மாடலுக்கு வாரம் ஒரு புது பில்ட் (புதிதாகத் தொகுத்த ரோம்) வரும். அப்டேட்டர் செயலி சொல்லும், இறக்கிக்கொள்ளும், ரீபூட் ஆகி ரெக்கவரியில் தானே எழுதிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 7-இல் வந்த, அமைப்புக்கு இரண்டு பகுதிகள் ஒதுக்கும் ஏ/பி முறை உள்ள போன்களில் நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் நடந்துவிடும். என்னுடையதில் அந்த இரட்டைப் பகுதி கிடையாது, அதனால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். நான் எல்லா வாரமும் போடுவதில்லை. மாதப் பாதுகாப்புத் திருத்தம் சேர்ந்த பில்ட் எதுவென்று பார்த்து அதை மட்டும் போடுகிறேன்.

பெரிய பதிப்பு மாற்றம் வேறு கதை. அதை அப்டேட்டர் செய்யாது, கையால் ஸைட்லோட் செய்ய வேண்டும். 2023 தொடக்கத்தில் லினியேஜ் 20-க்கு (ஆண்ட்ராய்டு 13) ஏறும்போது ஒரு தவறு செய்தேன். கூகுள் செயலிகள் வேண்டுமென்றால் அந்தப் பொதியை ரோமுக்குப் பின்னாலேயே, முதல் பூட்டுக்கு முன்னால் ஏற்ற வேண்டும். அவசரத்தில் ரீபூட் கொடுத்துவிட்டேன். திரை வந்தது, ஆனால் ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஒரு செயலி நின்றுவிட்டது என்ற அறிவிப்பும் வந்தது. முழுக்க அழித்து மறுபடி போட வேண்டியதாயிற்று. படங்கள் தப்பின, குறிப்புச் செயலியில் இரண்டு மாதமாக எழுதியிருந்தது போயிற்று. அதிலிருந்து நகல் எடுக்காமல் எந்தப் பதிப்பும் ஏற்றுவதில்லை.

இந்தப் போன் 20-க்கு வந்ததே எனக்கு ஆச்சரியம்தான். ஆண்ட்ராய்டு 12-இல், இணையப் போக்குவரத்தைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்தும் வேலை கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள்) இருக்கும் இபிபிஎஃப் என்ற வசதிக்கு மாறியது. பழைய லினக்ஸ் கெர்னல்களில் அதற்குத் தேவையான பகுதிகள் இல்லை. அதனால் ஆண்ட்ராய்டு 12-ஐ வைத்துச் செய்த லினியேஜ் 19 வந்தபோது நிறைய மாடல்கள் பட்டியலிலிருந்து உதிர்ந்தன. என் போனின் கெர்னல் 4.4. புதிய கெர்னலில் இருக்கும் அந்தப் பகுதியைப் பழையதற்குப் பொருந்தும்படி எடுத்து வந்து ஒட்டியிருக்கிறார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. ஒரு மாடலுக்கு அதைக் கையில் வைத்திருக்கும் ஒரு பராமரிப்பாளர், அவருக்கு நேரம் இருக்கும்வரை அப்டேட். ஆண்ட்ராய்டை மூலத்திலிருந்து கட்டியெழுப்ப 64 ஜிபி ராமும் 400 ஜிபி இடமும் வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. அப்படி ஒரு இயந்திரத்தை ஓடவிட்டு, ஏழு வயது போனுக்காக உட்காரும் மனிதர்களை நினைத்தால் மரியாதை வருகிறது.

இனி கருவிகள். ரோம் மாற்றாதவர்களுக்கும் இவை பயன்படும், அதனால் இந்தப் பகுதியை எல்லோரும் படிக்கலாம்.

ஏடிபி என்பது மென்பொருள் எழுதுபவர்களுக்கானது என்று பலர் நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். கூகுள் 2017 முதல், ஏடிபி அடங்கிய பிளாட்பார்ம் டூல்ஸை, செயலி எழுதுபவர்களின் பெரிய மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இல்லாமலே தனியாகத் தருகிறது. சின்ன கோப்பு, அவிழ்த்தால் போதும். எங்கள் சித்தியின் போனில் அவர் தொடாத செயலிகள் இருபதுக்கு மேல் கூடவே வந்திருந்தன. அவற்றை அவர் கணக்கிலிருந்து மட்டும் நீக்க ஒருமுறை ஏடிபியில் இணைத்தேன். அப்போது, இந்தக் கணினியை எப்போதும் நம்பு என்ற கட்டத்தில் டிக் செய்திருந்தேன், அதனால் என் மடிக்கணினியின் சாவி அந்தப் போனில் பதிந்திருந்தது.

எட்டு மாதம் கழித்து அந்தப் போன் துணி துவைக்கும் கல்லில் விழுந்தது. திரை கறுப்பு, தொடுதலும் இல்லை. ஆனால் அழைப்பு வந்தால் அதிர்ந்தது. "கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான்டா இருக்கு" என்று சித்தி அழுதார். மடிக்கணினியில் செருகினேன். புதுக் கணினியாக இருந்திருந்தால் 'அன்ஆதரைஸ்ட்' என்று வந்து அங்கேயே முடிந்திருக்கும், ஏனென்றால் அனுமதி கேட்கும் பெட்டியை அந்தத் திரையில் தொட முடியாது. பழைய சாவி இருந்ததால் 'டிவைஸ்' என்று வந்தது. எஸ்சிஆர்சிபிஒய் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டேன், போனின் திரை மடிக்கணினியில் ஒரு சன்னலாக விரிந்தது. விசைப்பலகையிலேயே பின் எண்ணைத் தட்டித் திறந்து, 'ஏடிபி புல்' கொடுத்து 11 ஜிபி படங்களை எடுத்தோம். சித்தி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பின் பெயராக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று கவனியுங்கள். ஆண்ட்ராய்டு 11-இலிருந்து, 7 நாள் இணைக்காமல் விட்டால் கொடுத்த அனுமதி காலாவதியாகும். அதை நிறுத்த டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஒரு சுவிட்ச் உண்டு. சித்தியின் போன் ஆண்ட்ராய்டு 10 என்பதால்தான் எட்டு மாதப் பழைய சாவி செல்லுபடியானது. டீபக்கிங்கைத் திறந்தே வைப்பதில் ஆபத்தும் இருக்கிறது, போன் களவு போனால் அது ஒரு வாசல். நான் என் போனில் மூடித்தான் வைக்கிறேன்.

என் போனில் நான் அதிகம் பயன்படுத்துவது ஏடிபி வழியாக ஓடும் லாக்கேட்டும் (போன் எழுதும் நிகழ்வுப் பதிவு) டம்ப்சிஸ்ஸும் (அமைப்பின் நிலை அறிக்கை). லாக்கேட்டை வடிகட்டி இல்லாமல் ஓடவிட்டால் குழாயைத் திறந்த மாதிரி கொட்டும், பயப்பட வேண்டாம்; பிழை வரிகளை மட்டும் காட்டச் சொன்னால் நிதானமாகப் படிக்கலாம். ஒரு சமயம் இரவில் தூங்கும்போது 80-இல் இருக்கும் பேட்டரி காலையில் 50-இல் நின்றது. டம்ப்சிஸ்ஸில் பேட்டரிக் கணக்கை எடுத்துப் பார்த்தால், கடை ஒன்றின் செயலி இரவு முழுக்கச் சில நிமிடத்துக்கொருமுறை போனை எழுப்பிக்கொண்டிருந்தது. பின்னணி அனுமதியை எடுத்தேன், மறுநாள் இழப்பு 4 சதவீதம். பேட்டரிதான் போயிற்று என்று கடைக்குப் போயிருந்தால் வீண் செலவு. பேட்டரியை உண்மையிலேயே ஒருமுறை மாற்றியிருக்கிறேன், அது 2022-இல்.

இன்னொரு சின்னப் பயன். நான் பல வருடமாக வைத்திருக்கும் ஒரு தமிழ் அகராதிச் செயலி, அதை எழுதியவர் எப்போதோ கைவிட்டது. ஆண்ட்ராய்டு 14-இல் பழைய எஸ்டிகேவுக்கு (அதாவது பழைய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு) எழுதிய செயலிகளை நிறுவ விடமாட்டார்கள், 6.0-க்கு முந்தைய அனுமதி முறையைத் தீய செயலிகள் குறுக்கு வழியாகப் பயன்படுத்துவதால் அந்தத் தடை. நியாயமான தடைதான். ஆனால் ஏடிபி இன்ஸ்டாலில் அதைத் தாண்ட ஒரு கூடுதல் சொல் இருக்கிறது, அதைச் சேர்த்து என் அகராதியை ஏற்றிக்கொண்டேன். இப்போது லினியேஜ் 22-இலும் (ஆண்ட்ராய்டு 15) அது ஓடுகிறது.

அப்டேட் எதற்கு, ஓடுகிற வரை ஓடட்டும் என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். தமிழே நம் போனுக்குள் ஒரு அப்டேட்டாகத்தான் வந்தது. ஆண்ட்ராய்டு 2 காலத்தில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓப்பரா மினியில் முகவரிப் பட்டையில் கான்ஃபிக் என்று தட்டி, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற வரியை மாற்றிப் படித்தோம். பல வருடம் அப்படித்தான் படித்தோம். 4.0-இல் தமிழ் எழுத்துரு கூடவே வந்தது. 2014-இல் 5.0 வந்தபோது அமைப்புப் பக்கங்கள் முழுக்கத் தமிழில் கிடைத்தன. பழைய பதிப்பிலேயே மாட்டிக்கொண்ட போன்களுக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முன்னால் சொன்ன இரண்டாவது தேதி வெறும் அலங்காரம் இல்லை. மோடம், கிராஃபிக்ஸ் போன்றவற்றின் மூடிய நிரல்கள் 2020-இல் உறைந்தவை, அவற்றை லினியேஜால் திருத்த முடியாது. ஆகவே இந்தப் போன் முழுப் பாதுகாப்பானது என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். அன்லாக் செய்த பல போன்களில் திரைப்படச் சேவைகள் உயர் தெளிவில் காட்டாது, என்னுடையதிலும் அப்படித்தான். கேமரா தரம் ஒரு படி குறைந்தது.

பெரிய தொல்லை வங்கிச் செயலி. 2023-இல் ஒரு நாள் என் வங்கியின் செயலி, இந்தச் சாதனம் பாதுகாப்பானது அல்ல என்று சொல்லி மூடிக்கொண்டது. பூட்லோடர் பூட்டியிருக்கிறதா என்பதைத்தான் அது முக்கியமாகப் பார்க்கிறது. 2020-க்குப் பிறகு ஒரு திருத்தமும் காணாத இதே மாடல், பூட்டிய நிலையில் இருந்தால் உள்ளே விடும். இந்த மாதத் திருத்தத்தோடு இருக்கும் என்னை விடாது. இது தவறான அளவுகோல் என்று உறுதியாக நினைக்கிறேன். யூபிஐக்காக மட்டும் ஒரு மலிவான இரண்டாவது போன் வைத்திருக்கிறேன். ஒரே போனில் எல்லாம் வேண்டும் என்பவர்கள் இந்த வழிக்கு வர வேண்டாம்.

சூழலும் மாறிக்கொண்டிருக்கிறது. பிக்சல் 8-க்கு 2023-இல் கூகுளும், எஸ்24-க்கு 2024-இல் சாம்சங்கும் 7 வருட அப்டேட் அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருடம் அப்டேட் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்லது. மறுபக்கம், ஆண்ட்ராய்டு 16-இன் மூலநிரலோடு பிக்சல் போன்களுக்கான சாதனக் கோப்புகளைக் கூகுள் வெளியிடவில்லை. கஸ்டம் ரோம் செய்பவர்களுக்கு அது பெரிய இழப்பு.

அடுத்த போன் வாங்கும்போது கேமராவுக்கு முன்னால் நான் பார்க்கப்போவது இரண்டு: எத்தனை வருட அப்டேட் என்று எழுத்தில் இருக்கிறதா, அதற்குப் பிறகு பூட்லோடரைத் திறக்க விடுவார்களா. ஆனால் இப்போதைக்கு வாங்கும் எண்ணம் இல்லை. நேற்றிரவு அப்டேட்டரில் புது பில்ட் வந்திருக்கிறது. படங்களை நகல் எடுத்துவிட்டேன், இந்த ஞாயிற்றுக்கிழமை போட வேண்டும்.