நியோடைமியமா, சமாரியமா, ஃபெரைட்டா?

பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்தால் உள்ளே பிறை வடிவத்தில் சின்னக் காந்தம் இருக்கும். அது இரும்பில் ஒட்டிக்கொண்டால் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்ப வேண்டும். நடுவில் விரல் மாட்டினால் ரத்தம் கட்டிவிடும். அதுதான் நியோடைமியம் காந்தம். எடையில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் நியோடைமியம் போன்ற அருமண் (rare earth) உலோகம், மிச்சம் பெரும்பாலும் இரும்பு, துளி போரான். அதே அளவு ஃபெரைட்டைவிட, அதாவது ஒலிபெருக்கியில் இருக்கும் கறுப்புக் காந்தத்தைவிட, சுமார் 10 மடங்கு காந்த ஆற்றல் கொண்டது. மின்கார் மோட்டாரில் இதற்குக் கிராக்கி இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் மேலே பூசிய நிக்கல் உரிந்துவிட்டால் துருப்பிடித்துப் பொடியாக உதிரும். சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். சூட்டைத் தாங்க டிஸ்புரோசியம் என்ற இன்னொரு அருமண் உலோகத்தைக் கலக்கிறார்கள், விலை எகிறுவதும் அங்கேதான். நியோடைமியத்தைவிடப் பல மடங்கு விலையுள்ள அது, பெரும்பாலும் தென்சீனாவிலும் மியான்மரிலும் உள்ள களிமண் படிவுகளிலிருந்து வருகிறது. அதனால் நியோடைமியத்தின் சந்தை விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுவது தப்பு. எந்த ரகம் என்று முதலில் கேட்க வேண்டும்.

சமாரியம்-கோபால்ட் காந்தத்துக்கு இந்தக் கவலை இல்லை. 300 டிகிரியிலும் நிலைத்து நிற்கும், எளிதில் துருப்பிடிக்காது. கீழே விழுந்தால் பீங்கான் போல உடையும், அது ஒரு குறை. சமாரியம் மலிவுதான், கோபால்ட்தான் சிக்கல். 1978இல் இன்றைய காங்கோவில் நடந்த சண்டையால் கோபால்ட் விலை தாறுமாறாக ஏறியது. கோபால்ட் இல்லாத காந்தத்தைத் தேடும் வேகம் அதனால் கூடி, 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாடோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியாக நியோடைமியம் காந்தத்தை உருவாக்கினார்கள். ஆக, தட்டுப்பாட்டுக்கு மாற்றாக வந்த காந்தமே இன்று தட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

சரி, மறுபடி சமாரியத்துக்குத் திரும்பிவிடலாமா? 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு தனிமங்களில் சமாரியமும் டிஸ்புரோசியமும் உண்டு, நியோடைமியம் இல்லை. அதனால் ஜெட் விமானம் போல உண்மையிலேயே சூடான இடத்துக்கு மட்டுமே நான் சமாரியத்தைச் சொல்வேன். சூடு அதிகமில்லாத, இடம் குறைவான வேலைக்கு டிஸ்புரோசியம் சேராத நியோடைமியமே போதும்.

எடையும் இடமும் பிரச்சினை இல்லையென்றால் ஃபெரைட்தான் என் தேர்வு. ஒலிபெருக்கியின் முதுகில் இருக்கும் அந்தக் கறுப்பு வளையத்துக்கு அருமண்ணே தேவையில்லை. இரும்பு ஆக்சைடும் கொஞ்சம் ஸ்ட்ரான்ஷியமோ பேரியமோ இருந்தால் போதும்.