கணபதி பக்கத்து பத்மினி பட்டறை: வேலை சுத்தம், பொறுமை வேண்டும்

வண்டியை உள்ளே விட்டதும் மெக்கானிக் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி: "ஏனுங்க, ஓட்டறதுக்கா, விக்கறதுக்கா?" ஓட்டுவதற்கு என்றால் பானெட்டைத் திறப்பார். விற்பதற்கு என்றால் "ரெண்டு மாசம் போகட்டுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பழைய காருக்கு வந்திருக்கும் இப்போதைய மவுசில் இப்படிக் கேட்கிற ஆள் கிடைப்பதே அபூர்வம்.

கோவை கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது, பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் நானும் போடவில்லை. பிரீமியர் பத்மினியும் அதற்கு முந்தைய ஃபியட் 1100-ம்தான் முக்கிய வேலை. அம்பாசிடர் வந்தாலும் பார்ப்பார், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டே.

என்னுடையது எண்பதுகளில் வந்த பத்மினி, ஸ்டியரிங்கை ஒட்டி கியர் உள்ள மாடல். முன்சக்கரத்தில் ஆட்டம், கார்புரேட்டரில் பெட்ரோல் கசிவு. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தவர் "கிங்பின் போயிடுச்சுங்க" என்றார். முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் தடித்த ஆணி அது. கிட் வாங்கி வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தடுத்துவிட்டார். காரணம், பழைய ஸ்டாக் வைத்திருப்பவர்கள் இப்போது அதை ஸ்பேராக விற்பதில்லை, புதையலாக விற்கிறார்கள். அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தால் அதற்குத் தனி விலை. பின்பக்க லைட் கண்ணாடி, குரோம் பம்பர் எல்லாம் இதே கதைதான்.

பக்கத்து லேத்தில் கன்மெட்டல் என்கிற செம்புக் கலவையில் புஷ், அதாவது கிங்பின் உட்காரும் சின்னக் குழாய், கடைந்து வாங்கினார். அடித்து இறக்கிய பிறகு, துளையைச் சீவிப் பெரிதாக்கும் ரீமரைக் கையாலேயே சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, எண்ணெய் தடவிய கிங்பின் தன் எடையிலேயே மெதுவாக இறங்குகிற அளவுக்குக் கொண்டுவந்தார். அதுவரை நான்கைந்து முறை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்திருப்பார். இந்த ஊரில் பழைய கார் ஓட்டுவதில் இருக்கிற பெரிய வசதியே இதுதான்: ஸ்பேர் இல்லாவிட்டால் செய்துகொள்ளலாம். கார்புரேட்டர் விஷயம் சின்னது. பெட்ரோல் வரத்தை அடைக்கிற ஃப்ளோட் ஊசி தேய்ந்திருந்தது, மாற்றினார், கசிவு நின்றது.

கூலி முன்பைவிட ஏறியிருக்கிறது. நியாயம்தான் என்பேன். வண்டி விலை ஏறும்போது அதை ஓட வைக்கிறவர் மட்டும் பழைய கூலியில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். 2022-ல் ஒரு மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூபே 13.5 கோடி யூரோவுக்கு விலைபோனது. அந்த கூபே உலகத்தில் மொத்தமே இரண்டுதான் செய்தார்கள். அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, கோழி அடைகிற பத்மினிக்கும் லட்சக்கணக்கில் விலை சொல்கிறார் ஒருவர். பம்பாய் முழுக்க டாக்ஸியாக ஓடிய வண்டி சார் அது!

விலை ஏறியதில் நல்லதே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் ஃப்ளோர் துருப்பிடித்தால் நேராகக் காயலான் கடைதான். இப்போது வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்கிறார்கள். ஆனால் அதே விலைதான் துருவின் மேல் பட்டி என்கிற பூச்சை அப்பி மினுக்கி விற்கும் கூட்டத்தையும் கொண்டுவந்தது. நண்பர் ஒருவர் வேறொரு இடத்தில் 'ஃபுல் ரெஸ்டோரேஷன்' முடிந்த வண்டி என்று வாங்கி இங்கே கொண்டுவந்தார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்து மட்கார்டில் வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது, அவ்வளவு தடிமனாகப் பட்டி. கதவின் அடியில் வைத்தார், அங்கேயும் அப்படியே. நண்பர் வாயே திறக்கவில்லை.

இன்னொரு பக்கம் அரசாங்கச் செலவு. 15 வருடம் தாண்டிய சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். 50 வருடம் கடந்தால் 20,000 கட்டி 'விஏ' வரிசையில் விண்டேஜ் எண் வாங்கலாம், ஆனால் தினமும் ஓட்டக்கூடாது. சேகரிப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மருதமலைக்கு ஓட்டிப் போகிற என்னைப் போன்றவனுக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. கல்லூரி முடித்த பையன்கள் முதல் சம்பளத்தில் ஒரு பத்மினி வாங்கி, இந்தக் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்ட காலம் உண்டு. இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது "இதுக்கு என்ன ரேட் போகும்?" என்றுதான்.

குறைகள்: சொன்ன தேதிக்கு வண்டி கிடைக்காது, போனை எடுக்க மாட்டார், பில் கேட்டால் சிரிப்பார். பெயின்ட் வேலைக்கு இங்கே போகவே போகாதீர்கள், கலர் மேட்ச் ஆகாது. இன்ஜின், கியர், பிரேக், முன்பக்க வேலை என்றால் தாராளமாக விடலாம். காலை 10 மணிக்கு முன்னால் போனால் ஆளைப் பிடிக்கலாம். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவரே ஒரு சாக்கில் போட்டுத் தருவார்.