அலமாரிப் பலகையும் போலிச் சோதனைச் சான்றிதழும்: டர்பன் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டர்பனில் சமையலறை அலமாரி செய்யக் கொடுக்கவிருப்பவர்கள் இதைத் தயவுசெய்து படிக்க வேண்டும். சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு அலமாரி செய்துகொடுத்த கடைக்காரர், ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவைக் குறைவாகவே வெளிவிடும் ஐரோப்பிய ஈ1 தரப் பலகையையே போடுவதாக வாய்மொழியாக உறுதி கூறி முன்பணம் வாங்கினார். பொருத்தியபின் பார்த்தால் பலகையில் எந்த முத்திரையும் இல்லை. முன்பக்கம் மெலமைன் மேலுறை பளபளக்க, பின்விளிம்புகளும் கீலுக்காகத் துளைத்த குழிகளும் பட்டையோ பூச்சோ இன்றி, மரத்தூள் தெரியத் திறந்தே கிடந்தன.

இழுப்பறையைத் திறந்தாலே கண் எரிந்தது. அம்மாவுக்கு இருமல் ஓயவில்லை. சிப்போர்டிலும் எம்.டி.எஃப். பலகையிலும் மரத்தூளைப் பிணைக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின், ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதைந்து, மூடாத விளிம்புகள் வழியே ஃபார்மால்டிஹைடு வாயுவை எளிதாக வெளிவிடும் என்பதால், தைப்பூச நாட்களின் புழுக்கத்தில் நெடி இன்னும் கூடியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்திய வாயு இது. அறைக்காற்றில் இது 30 நிமிடச் சராசரியாகக் கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

முறையிட்டதும் கடைக்காரர் ‘சோதனையாளர்’ ஒருவரை அனுப்பினார். அவர் சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, கைக்கருவி ஒன்றைக் கூடத்தின் நடுவில் சிறிது நேரம் பிடித்துவிட்டு, ‘ஈ1 தரம், பாதுகாப்பானது’ என்று சான்றிதழ் எழுதித் தந்து, அதற்கும் கட்டணம் வாங்கிக்கொண்டார். கிருமிநாசினி தடவிய கையோடு என் மகள் அருகில் வந்தபோது அக்கருவியின் எண் மளமளவென்று ஏறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மலிவான கருவிகள் பல ஆல்கஹால் ஆவியையும் ஃபார்மால்டிஹைடாகவே காட்டும்.

அந்தச் சான்றிதழ் அடிப்படையிலேயே பொய்யானது. ஈ1 என்பது பலகைக்குரிய தரமே தவிர அறைக்காற்றுக்குரியது அன்று. பலகைத் துண்டை வெப்பமும் ஈரப்பதமும் நிலையாக வைத்த சோதனைப் பெட்டியில் பல நாட்கள் இட்டு, அதன் காற்றில் ஃபார்மால்டிஹைடு கனமீட்டருக்கு 0.124 மில்லிகிராமுக்கு மிகாமல் இருந்தால்தான் அத்தரம் கிடைக்கும். வீட்டுக் காற்றை அறிய வேண்டுமானால், சன்னல்களைப் பல மணி நேரம் மூடிவைத்து, ஃபார்மால்டிஹைடைப் பிடித்துவைக்கும் டி.என்.பி.எச். என்ற வேதிப்பொருள் பூசிய குழாய் வழியே அளவறிந்த காற்றை இழுத்து, ஆய்வகத்தில் பகுக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் கடைக்காரர் அந்தச் சான்றிதழையே நீட்டுகிறார். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரும் உரிமையை நமக்கு அளிக்கிறது. அதன்படி எழுத்தில் முறையிட்டிருக்கிறேன். நீங்கள் பலகையின் தரத்தை விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். அறுப்பதற்கு முன் முத்திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டு ஒன்றையும் கேட்டு வாங்கி உறையிலிட்டு வையுங்கள், ஆய்வகத்துக்கு அனுப்ப அதுவே தேவைப்படும்.