பன்னிரண்டு சொல்லும் அவருடைய கொப்பியில்

விசுவமடு, தர்மபுரம் பக்கம் யாராவது “தொலையாத டிஜிட்டல் அடையாளம் செய்து தாறம்” என்று வந்தால், ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, வெளியே எடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கள்.

கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு வாடகை அறை. அங்கேதான் ஒரு தம்பி இதைச் செய்து கொடுத்தார். மகள் வெளிநாட்டு ஆட்களுக்கு வீட்டிலிருந்தே டிசைன் செய்து கொடுக்கத் தொடங்கியிருந்தாள். அடையாளமும் ஏ.எல். சான்றிதழும் சரிபார்த்து இருந்தால்தான் நம்பி வேலை தருவார்கள் என்றார் அந்தத் தம்பி. நான் இழுத்தேன்.

“அக்கா, 2009இல எத்தனை பேரின்ர உறுதி, சேட்டிபிக்கட் எல்லாம் பங்கருக்குள்ளயே போனது? இது பிளொக்செயின், ஒரே பதிவு கனக்கக் கொம்பியூட்டரில இருக்கும். இன்னொரு இடப்பெயர்வு வந்தாலும் இருக்கும்.”

பிறப்புச் சான்றிதழ்களைச் சொப்பின் பையில் சுற்றி, மாத்தளன் வரைக்கும் இடுப்பில் கட்டிக்கொண்டு போனவள் நான். பை தப்பியது, உள்ளே தண்ணீர் போய் மை கரைந்திருந்தது. பிறகு பிரதி எடுக்க ஏறி இறங்கிய கந்தோர்களுக்குக் கணக்கில்லை. மறுபேச்சில்லாமல் எனக்கும் மகளுக்குமாக 7500 ரூபா எண்ணிக் கொடுத்தேன்.

ஐசியின் இரண்டு பக்கமும் படம். அதை நாடிக்குக் கீழே பிடித்தபடி ஒரு செல்பி. என் போனில் ஒரு செயலி. திரையில் ஆங்கிலத்தில் பன்னிரண்டு சொல். இலக்கம் போட்டுத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். “நீங்கள் துலைச்சுப்போடுவீங்கள் அக்கா, என்னட்டை இருக்கட்டும்.” நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்!

மூன்றாம் கிழமை கடன் செயலி ஒன்றிலிருந்து அழைப்பு. நான் 40,000 ரூபா எடுத்தேனாம். அந்தத் தம்பியின் அறை பூட்டு, போன் நிறுத்தம்.

வவுனியாவில் கணினி படிக்கும் அண்ணாவின் மகன்தான் விளங்கப்படுத்தினான். நுட்பம் பொய்யில்லையாம், இதற்கு உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் தரநிர்ணயம் 2022இலேயே வந்துவிட்டது. ஆனால் அப்படியொரு அடையாளத்தை யாரும், எந்தப் பெயரிலும், காசில்லாமலே உருவாக்கலாம். ஏ.எல். சான்றிதழ் என்றால் பரீட்சைத் திணைக்களம் தன் இரகசிய டிஜிட்டல் சாவியால் ஒப்பமிட்டிருக்க வேண்டும், அப்போதுதான் பெறுமதி. மகளுடையதில் இருந்தது அந்தப் பெடியன் தானே போட்ட ஒப்பம். ஐசிப் படத்தைப் பிளொக்செயினில் ஏற்றியிருந்தால் அதை அழிக்கவும் ஏலாது.

அந்தப் பன்னிரண்டு சொல்தான் சாவி. அது யாரிடமோ, செயலிக்குள் அவர்தான் நான். கடனுக்கு என் ஐசிப் படமும் செல்பியுமே போதுமாயிருந்திருக்கும். ‘பரவலாக்கப்பட்டது’, ஒருத்தரின் கையிலும் இல்லை என்று அந்தத் தம்பி பெருமையாகச் சொன்னாரே, அதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது: பிழைத்துப்போனால் போய் முறையிட இதில் விதானையார் கிடையாது.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, பிரதியைக் கடன்காரருக்கு அனுப்பினேன். அழைப்புக் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. செயலியை மகள் கைவிட்டுவிட்டாள்.

அந்தக் கொப்பியில் என் பக்கத்துக்கு முன்னால் எழுதிய பக்கங்கள் நிறைய இருந்தன. அதில் உங்களுடையதும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், முறைப்பாட்டைச் சேர்ந்து கொடுக்கலாம்.