ஜிடி500: ஷோரூம் முகம் போட்ட முழு ரேஸ் கார்

ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடரில் முதன்மைப் பிரிவாக ஓடும் ஜிடி500 கார்களைத் தொலைவிலிருந்து பார்ப்பவர், டொயோட்டா சுப்ரா, நிசான் இசட் என்று தயங்காமல் பெயர் சொல்லிவிடுவார். கிட்டே போய்ப் பார்த்தால் ஷோரூம் காரிலிருந்து வந்தது அந்த முகச்சாயல் மட்டுமே என்பது புரியும். சாலையில் ஓடும் சுப்ரா சுமார் 1,500 கிலோ எடையுடையது. அதன் 3 லிட்டர் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் உண்டு. ஜிடி500 சுப்ராவில் இருப்பதோ நான்கு சிலிண்டர் கொண்ட 2 லிட்டர் டர்போ எஞ்சின். ஆனாலும் அது 600 குதிரைத்திறனைத் தாண்டுகிறது, காரின் குறைந்தபட்ச எடையும் 1,020 கிலோதான். இந்தக் கார்களின் வேகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பலரும் எஞ்சினைத்தான் காட்டுவார்கள். என் கணிப்பில் எஞ்சினுக்கு மூன்றாம் இடம்தான் கிடைக்கும்.

முதலிடத்துக்குப் போட்டியிடுபவை உடலின் காற்றியக்கமும் டயரும். 2014இல் ஜெர்மனியின் டிடிஎம் தொடரோடு விதிகளை நெருக்கிக் கொண்டுவந்தபோது, கார்பன் இழையாலான ஓட்டுநர் கூடு உள்ளிட்ட பல பாகங்கள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாயின. மேற்பகுதி மூலக்காரின் சாயலை விட்டு விலகக் கூடாது. ஆனால் கீழ்ப்பகுதியில், குறிப்பாக முன்சக்கரங்களைச் சுற்றியுள்ள இடத்தில், பொறியாளர்களுக்குக் கணிசமான சுதந்திரம் உண்டு. அங்கே அடுக்கடுக்காக நிற்கும் சிறு தகடுகளும் அடித்தளத்தின் பின்முனையில் காற்றை விரித்து வெளியேற்றும் டிஃப்யூசரும் சேர்ந்து காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கின்றன. 5.807 கிலோமீட்டர் நீளமுள்ள சுசுகா தடத்தைத் தகுதிச் சுற்றில் ஜிடி500 கார்கள் 1 நிமிடம் 45 வினாடிக்கும் குறைவான நேரத்தில் முடித்திருக்கின்றன. அதே தடத்தில் உடன் ஓடும் ஜிடி300 பிரிவின் ஜிடி3 கார்கள் உண்மையான உற்பத்திக் கார்களிலிருந்து உருவானவை. அவை சுற்றுக்குப் பத்து வினாடி அளவுக்குப் பின்தங்குகின்றன. ஜிடி3 கார்களுக்கு உள்ள ஏபிஎஸ்ஸும் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) டிராக்‌ஷன் கன்ட்ரோலும் (முடுக்கும்போது சக்கரம் வழுக்காமல் தடுப்பது) ஜிடி500 ஓட்டுநருக்குக் கிடையாது என்பதையும் சேர்த்து எண்ணினால், இந்த இடைவெளியின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

இனி டயர். உலகின் பெரிய தொடர்களில் அநேகம் செலவைக் குறைக்க ஒரே டயர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டுவிட்ட காலத்திலும், பிரிட்ஜ்ஸ்டோன், மிஷெலின், யோகோஹாமா, டன்லப் ஆகிய நான்கும் ஜிடி500இல் நேருக்கு நேர் மோதின. போட்டி இருக்கும்போது டயர் நிறுவனம் எல்லாக் காருக்கும் பொருந்தும் ஒரு சராசரிப் பொருளைச் செய்வதில்லை. இந்தத் தடம், இந்த வெயில், இந்தக் காரின் எடைப்பகிர்வு என்று பார்த்துப் பார்த்து ரப்பர் கலவையையும் உள்கட்டமைப்பையும் மாற்றுகிறது. காரும் அந்த டயரைச் சுற்றியே வளர்கிறது. 2011, 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் நிசான் ஜிடி-ஆர் கார்கள் மிஷெலினோடு பட்டம் வென்றதை இந்தக் கூட்டுவளர்ச்சியைத் தவிர்த்து விளக்க முடியாது.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டியது 2019. அந்த அக்டோபரில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்துக்குச் சென்ற மூன்று ஜப்பானியக் கார்கள் டிடிஎம் பயன்படுத்திய ஹான்குக் டயரில் ஓட வேண்டியிருந்தது. பழகாத டயரில் அவை டிடிஎம் முன்னணிக் கார்களை எட்டவில்லை. நவம்பரில் ஜப்பானின் ஃபுஜி தடத்தில் இரு தொடர்களும் சேர்ந்து நடத்திய பந்தயத்திலும் அனைவருக்கும் அதே ஹான்குக். அங்கே இரண்டாம் பந்தயத்தை வென்றவர் நம் நரேன் கார்த்திகேயன். பருவம் முழுக்க டன்லப் டயரோடு பட்டியலின் பின்பகுதியில் போராடிய நகஜிமா அணியின் ஹோண்டா என்எஸ்எக்ஸ்தான் அவர் ஓட்டிய கார். ஒரு பந்தயத்தை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது என்றாலும், காரும் ஓட்டுநரும் மாறாமல் டயர் மட்டும் மாறியபோது வரிசை எப்படிப் புரண்டது என்பதை நான் மறக்கத் தயாரில்லை.

குறையும் இங்கேயே இருக்கிறது. திறமையான ஓட்டுநர் தவறான டயரோடு ஒரு பருவத்தையே இழக்கக்கூடும். பார்ப்பவருக்கோ அது யாருடைய தோல்வி என்று பிரித்தறிவது கடினம். 2023 பருவத்தோடு மிஷெலின் ஜிடி500ஐ விட்டு விலகியபின் பெரும்பாலான அணிகள் பிரிட்ஜ்ஸ்டோனில் குவிந்ததால் போட்டியின் பன்மையும் மெலிந்தது. வென்றவருக்கு அடுத்த பந்தயத்தில் எடைச்சுமை ஏற்றும் விதி ஓரளவு சமன்செய்கிறது, ஆனால் டயர் இடைவெளியை அதனால் முழுமையாக நிரப்ப முடியாது. இத்தனைக்குப் பிறகும் போட்டி நீடிக்கட்டும் என்பதே என் நிலைப்பாடு, ஏனெனில் இந்தக் கார்களை ஜிடி3இலிருந்து இவ்வளவு தூரம் விலக்கி நிறுத்தியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

முதன்முறை பார்ப்பவர்கள் டயர் மாற்றும் பிட்டிலிருந்து வெளிவரும் காரைக் கவனியுங்கள். டயரை முன்கூட்டிச் சூடாக்கும் போர்வைக்கு இங்கே அனுமதி இல்லாததால், முதல் சுற்றில் கார் வழுக்கித் தடுமாறும். விரைவில் சூடேறும் டயர் அந்த ஒரு சுற்றிலேயே பல வினாடிகளைச் சம்பாதித்துவிடும். பந்தயத்தின் பிற்பகுதியில் ஜிடி300 கார்களைத் தாண்ட வழக்கமான ஓட்டப்பாதையை விட்டு விலகும்போது, ஓரத்தில் சிதறிக்கிடக்கும் ரப்பர்த் துணுக்குகள் சூடான டயரில் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். அவற்றை உதறித் தள்ள முடியாத கார், எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லாமலே சுற்றுக்குச் சுற்று பின்வாங்குவதை நேரப்பட்டியலில் தெளிவாகக் காணலாம்.