சிவப்புப் பலாக் கன்று வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் தண்டைப் பாருங்கள்

கத்தரி நாற்றில் ஏமாந்தால் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். பலாவில் ஏமாந்தது எங்களுக்குத் தெரிய ஏழு வருஷம் ஆனது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இந்த மழைக்குக் கன்று வைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நர்சரிக்குப் போங்கள்.

எங்கள் வீடு காட்பாடியைத் தாண்டி. பின்னால் பத்து சென்ட் காலியிடம் இருக்கிறது. என் மாமனார் ஒடுகத்தூர் பக்கம் பிறந்தவர், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் பலாப்பழத்தைத் தின்று வளர்ந்தவர். 2017இல் சித்து என்ற சிவப்புப் பலா பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியை வெட்டிப் பத்திரமாக வைத்திருந்தார். கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டம் சேளூரில் ஒரு விவசாயியின் தோட்டத்தில் இருந்த ஒற்றை மரம் அது. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அந்த மரத்தைக் கவனித்து, விவசாயியோடு ஒப்பந்தம் போட்டு, அதன் குச்சியை வேறு பலாக் கன்றின் மேல் ஒட்டி, ஒட்டுக் கன்றுகளாகப் பெருக்க ஆரம்பித்தது. சுளை தாமிரச் சிவப்பு. தக்காளிக்குச் சிவப்பு தருகிற அதே லைகோபீன் அதிலும் இருக்கிறது. பழம் சராசரியாக இரண்டரைக் கிலோதான். “இப்ப வீட்ல நாலு பேர்தான். நமக்கு இந்த அளவுப் பழம் போதும்மா” என்று மாமா அடிக்கடி சொல்வார்.

2018 ஆடியில் ஆம்பூர் போய்விட்டுத் திரும்பும்போது சாலையோரம் ஒரு நர்சரி. தார்ப்பாய்ப் பந்தல், வாசலில் “சித்து சிவப்புப் பலா, ஒட்டுக் கன்று” என்று பலகை. இருபது கன்று வரிசையாக நின்றது. ஒவ்வொன்றின் தண்டிலும் நடுவில் பிளாஸ்டிக் டேப் சுற்றியிருந்தது. கடைக்காரர் செல்போனில் ஒரு படம் காட்டினார், சுளை ரத்தச் சிவப்பாக இருந்தது. ஒன்று 600 ரூபாய், மூன்று வாங்கினோம். ரசீது கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் “பழச்செடி 3, ரூ.1800” என்று எழுதிக் கொடுத்தார். முந்தின வருஷம்தான் பெருக்கவே ஆரம்பித்த ஒரு மரத்தின் கன்று, அடுத்த ஆடிக்குள் நம் ஊர் நெடுஞ்சாலையில் இருபது நிற்குமா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

குழி மூன்றடிக்கு மூன்றடி. தொழுவுரம், வேப்பம் பிண்ணாக்கு, செம்மண் எல்லாம் மாமாவே கலந்தார். நட்டு நாலைந்து மாதம் கழித்து, தண்டை இறுக்க ஆரம்பித்ததால் டேப்பை நான்தான் பிரித்தேன். உள்ளே தண்டு வழுவழுவென்று ஒரே சீராக இருந்தது. டேப் அழுத்திய தடம் மட்டும் மோதிரம் போட்ட விரல் மாதிரி லேசாகப் பதிந்திருந்தது. ஒட்டு நன்றாகக் கூடிவிட்டது, அதனால்தான் தழும்பே தெரியவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

இலையும் அப்போதே சொல்லியிருக்கிறது. நட்ட அன்று எடுத்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. உச்சி இலைகள் மூன்று விரல் போலப் பிரிந்து, ஓரம் உள்வாங்கி இருக்கின்றன. பூச்சி கடித்திருக்கிறது என்று அத்தை வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தார். பூச்சியெல்லாம் இல்லை. விதையிலிருந்து முளைத்த இளம் பலாவுக்கு இலை அப்படிப் பிளவுபட்டு வருவது இயற்கை. ஒட்டுக் கன்றின் மேல்பாகமோ காய்க்கிற பெரிய மரத்திலிருந்து எடுத்த குச்சி. அதில் வரும் இலை பெரிய மரத்து இலை போலவே ஓரம் முழுசாக, முட்டை வடிவில் இருக்கும். இது எனக்குத் தெரிந்தது போன மாதம்தான்.

2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்த அந்த மழையில் ஒரு கன்று போனது. நாலு நாள் வேரில் தண்ணீர் நின்றது, பலா அதைத் தாங்காது. மீதி இரண்டும் வளர்ந்தன. ஒட்டுப் பலா மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கத் தொடங்கும் என்பார்கள். எங்களுடையது காய்க்கவில்லை. ஆறாவது வருஷம் விரல் நீளத்துக்குப் பூ வந்து கறுத்து உதிர்ந்தது. அது ஆண் பூ, மகரந்தம் கொட்டியதும் அப்படித்தான் உதிரும், பயப்பட வேண்டாம் என்று மாமா சொன்னார். ஏழாவது வருஷம், இந்தத் தையில், அடிமரத்தில் ஒரே ஒரு பிஞ்சு நின்றது. மாமா அதற்குச் சாக்கு கட்டினார், அணிலுக்குப் பயந்து.

வைகாசி கடைசியில் முள் அகன்று, தட்டினால் டொப்பென்று சத்தம் வந்து, வாசனை சமையலறை வரை வந்தது. எடை போட்டோம், ஒன்பது கிலோ. அப்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கத்திக்கு நல்லெண்ணெய் தடவி மாமாதான் வெட்டினார். வெளுத்த மஞ்சள். அதுவும் கெட்டிச் சுளை வருக்கை இல்லை, விரலில் வழுக்கும் கூழன் சுளை. ஒன்றை எடுத்துத் தின்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நம்ம மலைப் பலா மாதிரிதாம்மா இருக்கு. நல்லாத்தான் இருக்கு” என்றார். அவருக்கு எழுபத்தொன்பது வயது. ஏழு வருஷம் கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவர். எனக்கு வந்த ஆத்திரம் 1800 ரூபாய்க்காக இல்லை.

சீட்டில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். முதலில், “உங்க மண்ணுல சுண்ணாம்பு ஜாஸ்திக்கா, அதான் நிறம் மாறிடுச்சு” என்றார். இதை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மண்ணும் தண்ணீரும் இனிப்பைக் கூட்டும் குறைக்கும். மழை பெய்து பழுத்தால் சப்பென்று இருக்கும், நிறம் கொஞ்சம் மங்கலாம். ஆனால் தாமிரச் சிவப்பு வெளிர் மஞ்சளாகாது, இரண்டரைக் கிலோப் பழம் ஒன்பது கிலோவும் ஆகாது. அதைச் சொன்னதும் குரல் மாறியது. “அக்கா, பொய் சொல்லல. செகப்புப் பழத்தோட வெதைதான் போட்டோம்” என்றார்.

அது உண்மையாகவே இருக்கலாம். இருந்தும் பயன் இல்லை. ஒரே பலாமரத்தில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. அக்கம்பக்கத்து மரத்து மகரந்தம் வந்து சேரும். ஒரே பழத்தில் எடுத்த பத்து விதையும் பத்து விதமான மரமாகும். சிவப்பு வேண்டுமென்றால் சிவப்பு மரத்தின் குச்சியையே எடுத்து ஒட்ட வேண்டும். அதனால், “பழம் வாங்கித் தின்றோம், கொட்டையைப் போட்டு முளைக்க வைத்தோம், அதே ரகம்” என்று தெரிந்தவர்களே அன்போடு கொடுத்தாலும் அது வேறு மரம்தான்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று வக்கீலாக இருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கேட்டேன். ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம்கூட இல்லை, 1915 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். ஆனால் வழக்குக்குரிய காரணம் எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், எந்த நாளிலிருந்து கணக்கு என்று எதிர்த்தரப்பு வாதாடும் என்றார். அதைவிடப் பெரிய சிக்கல் அந்தச் சீட்டு. அதில் சித்து என்றும் இல்லை, ஒட்டு என்றும் இல்லை. “பழச்செடி” கொடுத்தார், பழச்செடிதான் வளர்ந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை.

ஆகவே நீங்கள் வாங்கும்போது டேப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், வேரோடு கீழே இருக்கும் வேர்ச்செடியைப் பிளந்து ஆப்பு மாதிரி சீவிய குச்சியைச் செருகிய தழும்பு இருக்கும். விரலால் தடவினாலே மேடு தட்டுப்படும். மேலே ஒரு நிறப் பட்டை, கீழே ஒரு நிறம், பருமனும் லேசாக மாறும். பிரிக்க மாட்டேன், ஒட்டு விட்டுவிடும் என்றால், கூடாத ஒட்டை விற்கிறார் அல்லது ஒட்டே இல்லை. பிறகு இலை. தழும்புக்கு மேலே உள்ள இலையைப் பாருங்கள். கீழே துளிர் விட்டு அதுதான் செழித்து நிற்கிறதென்றால் அந்தக் கன்றையும் விடுங்கள், நீங்கள் வளர்க்கப் போவது வேர்ச்செடியை. ரசீதில் ரகத்தின் பெயரும் “ஒட்டுக் கன்று” என்ற வார்த்தையும் வர வேண்டும். எழுத மறுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். செல்போன் படத்துக்கு மதிப்பே கிடையாது. வியட்நாம் சூப்பர் ஏர்லி என்ற பலா ரகத்தைச் சிவப்பு என்று விற்பதையும் இப்போது பார்க்கிறேன், அதன் சுளை மஞ்சள்.

சித்து வேண்டுமென்றால் ஹெசரகட்டா நிலையத்திலேயே விசாரியுங்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகம் சிந்தூர் என்று ஒரு செந்நிற வருக்கையை வெளியிட்டிருக்கிறது, அதுவும் நல்ல பெயர் எடுத்தது. கன்றைக் கையில் வைத்துக்கொண்டு சந்தேகம் வந்தால் நமக்கு விரிஞ்சிபுரத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

காய்த்த மரத்தை வெட்ட மாமா விடவில்லை. இன்னொன்றை இடுப்பளவில் அறுத்து, வரும் துளிரில் நல்ல குச்சி ஒட்டலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார், தையில் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் போன கன்றின் இடத்தில் மண்ணை மேடாக்கி, பெங்களூருவிலிருந்து மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்த ஒட்டுக் கன்று இப்போது நிற்கிறது. மாமா தினமும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து, தழும்புக்குக் கீழே ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்க்கிறார். நேற்று இரண்டு துளிர் இருந்தது. கிள்ளிப் போட்டுவிட்டார்.