சண்டே மார்க்கெட்டில் பழைய மாத நாவல்: எதை எடுக்கலாம், எதைத் தொடாமல் வரலாம்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் விரிக்கும் சண்டே மார்க்கெட்டில் முக்கால்வாசி துணிமணியும் செருப்பும் பிளாஸ்டிக் சாமானும்தான். பழைய புத்தகம் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர். அவர்களிடமும் போட்டித் தேர்வு கைடுகளும் ஆங்கில நாவல்களும் முன்னால் பளிச்சென்று நிற்கும். தமிழ் மாத நாவல்கள், அதாவது மாதம் ஒரு முழுக் கதையோடு வரும் மெல்லிய இதழ்கள், சணல் போட்டுக் கட்டிய கட்டாகவோ அட்டைப்பெட்டிக்குள்ளோ பின்னால் கிடக்கும். மாத நாவலுக்கு முதுகில் பெயர் அச்சடிக்கிற அளவு கனம் கிடையாது. ஒவ்வொன்றாக எடுத்து அட்டையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அரை மணி நேரம் குனிந்து தேட இடுப்பு ஒத்துழைத்தால், சிரித்துக்கொண்டே படிக்கிற துப்பறியும் ஜோடித் தொடர்களுக்கு இந்த வட்டாரத்தில் இது நல்ல இடம். காதல் நாவலுக்குச் சுமார்தான். ஒரு தொடரை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சேர்க்க நினைப்பவர்கள் இதை நம்பி வர வேண்டாம்.

கடலூர்க்காரர்களுக்கு இது ஒரு பஸ் தூரம். திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் ஏறினால் கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். காலையிலேயே வருவது நல்லது. மதியத்துக்கு மேல் நேரு வீதி சந்திப்பைச் சுற்றி நிற்கக்கூட இடம் இருக்காது. அந்த நெரிசலில் உட்கார்ந்து பக்கம் எண்ணுவது நடக்காத காரியம். பக்கம் எண்ணாமல் மாத நாவல் வாங்குவது காசைக் கொட்டுவது. ஏன் என்பது கீழே வருகிறது.

முதலில் எதைக் கேட்பது என்று பார்ப்போம். கடைக்காரரிடம் ‘பரத் சுசீலா இருக்கா அண்ணே?’ என்று கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார். அவருக்குத் தெரிந்தது எழுத்தாளர் பெயர். ‘பட்டுக்கோட்டை பிரபாகர்’, ‘சுபா’, ‘ராஜேஷ்குமார்’ என்று கேட்டால் கட்டை அவிழ்ப்பார். உள்ளே யார் துப்பறிகிறார்கள் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். பின் அட்டைச் சுருக்கத்தை நம்பாமல் முதல் மூன்று அத்தியாயத்தில் பெயர்களைத் தேடுங்கள். இந்த எழுத்தாளர்கள் தொடர் பாத்திரங்கள் இல்லாத தனிக் கதைகளும் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள்.

கொலையும் காதலும் சம அளவில், கை சுடாத சூட்டில் வேண்டும் என்றால் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலாதான் முதல் தேர்வு. இருவரும் சேர்ந்து துப்பறிகிறார்கள், சேர்ந்து சண்டை போடுகிறார்கள். சுசீலாவின் டிஷர்ட் வாசகத்துக்காகவே பக்கம் புரட்டிய தலைமுறை ஒன்று உண்டு. அந்த வாசகங்களில் சில இன்று படித்தால் நெளிய வைக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். எந்த இதழிலிருந்தும் தொடங்கலாம். முந்தைய கதை தெரியாமல் எதுவும் குறையாது.

சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஜோடி ஈகிள்ஸ் ஐ என்ற துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர்கள். சீண்டலும் கிண்டலும் இங்கேயும் உண்டு, ஆனால் ஓட்டமும் அடிதடியும் கூடுதல். எழுதுவது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர். இருவர் எழுதியது என்று எந்தப் பக்கத்திலும் தையல் தெரியாது. ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா கணவன் மனைவி. அங்கே காதல் ஒரு ஓரம்தான், குற்றம்தான் நடுவீடு. அவர் நாவல்களில் பலவற்றில் இரண்டு கதைகள் அத்தியாயம் விட்டு அத்தியாயம் தனித்தனியாக ஓடிக் கடைசியில் முட்டும். இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டு படியுங்கள். முதல் முறை படிக்கிறவர்கள் நாலாவது அத்தியாயத்தில் ‘பக்கம் மாறிக் கட்டிவிட்டார்களோ’ என்று சந்தேகப்பட்டு நல்ல பிரதியைத் திருப்பி வைத்துவிடுவதுண்டு.

சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகள் மாத நாவலாகவும் புத்தகமாகவும் கிடைக்கும். வசந்தின் குறும்புக்காகத் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கணேஷ் முதலில் வந்தது 1968-இல் குமுதத்தில் வெளியான ‘நைலான் கயிறு’ தொடரில். அதில் வசந்த் கிடையாது. வரிசைப்படி படிக்கிறேன் என்று அதில் தொடங்கினால் ‘இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று தோன்றலாம். இன்னும் பழைய ருசி வேண்டுமா, தமிழ்வாணனின் சங்கர்லால் இருக்கிறார். நாற்காலியில் சாய்ந்து தேநீர் குடித்தபடி யோசிக்கிறவர். பள்ளிக்கூடப் பிள்ளை கையில் தயங்காமல் கொடுக்கலாம். வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும் என்றால் 1940-களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு. துப்பே தெரியாமல், அதிர்ஷ்டத்தாலேயே கேஸை முடிக்கிற வங்கி குமாஸ்தா. இது ஒன்றுக்கு மட்டும் வரிசை முக்கியம்: தொடக்கக் கதைகளில் சாம்பு யார், இன்ஸ்பெக்டர் கோபாலன் எப்படி அவனிடம் மாட்டினார் என்று தெரியாவிட்டால் பின்னால் வரும் சிரிப்பில் பாதி போய்விடும். சாம்புவுக்குப் புதுப் பதிப்புகள் இருக்கின்றன. அதை நடைபாதையில் தேடி அலைய வேண்டாம்.

காதல் நாவல் விஷயத்தில் மார்க்கெட் ஏன் சுமார்? ரமணிசந்திரன் வாசகர்கள் வாங்கியதை எளிதில் வெளியே விடுவதில்லை. வெளியே வருவதும் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துதான் வரும். அவருடைய நாவல்கள் தொடர் அல்ல, ஒவ்வொன்றும் தனிக் கதை. ஆனால் தலைப்புகள் எல்லாம் ஒரே சாயலில் இருப்பதால் படித்ததையே மறுபடி வாங்கி வருவது மிகச் சாதாரணம். இதற்கு ஒரே வழி, படித்து முடித்த நாவலின் நாயகன், நாயகி பெயரைப் போனில் குறித்து வைப்பதுதான். தலைப்பை மட்டும் குறித்தால் போதாது. அதே கதை மாத இதழில் ஒரு முறை, புத்தகமாக ஒரு முறை, இரண்டு நாவல் சேர்ந்த தொகுப்பில் ஒரு முறை என்று வரும்போது தொகுப்பின் அட்டையில் இன்னொரு கதையின் பெயர்தான் பெரிதாக இருக்கும்.

இனி பிரதியைச் சோதிக்கும் விஷயம். மாத நாவல்களில் இரண்டு வகைக் கட்டு உண்டு. நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்தது ஒன்று, ஓரத்தில் பின் அடித்தது இன்னொன்று. நடுப்பின் இதழில் ஒவ்வொரு தாளும் இரண்டு இடத்துக்குப் போகிறது: முதல் பக்கம் இருக்கிற தாளின் மறு பாதியில்தான் கடைசிப் பக்கம் இருக்கும். அதனால் முன்பக்கத் தாள் விழுந்த இதழில் முடிவும் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆசிரியர் கடிதம்தானே கிழிந்திருக்கிறது என்று ஏமாறுவது இங்கேதான். நடுத்தாளும் அப்படித்தான். பின் துருப்பிடித்தால் முதலில் கழன்று விழுவது அதுதான். நாலு பக்கம் ஒரேயடியாகப் போய்விடும். இதழை நடுவில் விரித்துப் பின்னின் இரண்டு காலும் தாளைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கடைசிப் பக்கம். கதை முடிகிற இடத்தில் ‘முற்றும்’ என்றோ, அடுத்த இதழ் விளம்பரமோ, வாசகர் கடிதமோ இருக்க வேண்டும்.

ஓரப்பின் இதழ் உறுதியானது. ஆனால் வாடகை நூல் நிலையங்களில் இருந்து வந்த பிரதி என்றால் கதை வேறு. அங்கே அட்டையைப் பிரித்து, மூன்று துளை போட்டு நூலால் தைத்து, காக்கி அட்டை ஒட்டி, ஓரத்தை மெஷினில் வெட்டியிருப்பார்கள். தையல் உள்ளே தள்ளிப் போயிருந்தால் இடப்பக்க ஓரத்து எழுத்துகள் மடிப்புக்குள் மாட்டிக்கொள்ளும். வெட்டு ஆழமாகிப் போயிருந்தால் மேல் வரியோ கீழ் வரியோ காணாது. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து கீழ் வரி முழுசாக இருக்கிறதா, பக்க எண் தப்பித்ததா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பக்க எண்ணே வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் பிரதியில் விடுபட்டது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது, வைத்துவிடுங்கள். அட்டை போனதெல்லாம் ஒரு குறையே இல்லை. நூல் நிலைய முத்திரையும் குறை இல்லை. ஆனால் பழைய வாசகர் யாராவது முதல் பக்கத்திலேயே ‘மைத்துனன்தான் கொலைகாரன்’ என்று பேனாவால் எழுதி வைத்திருப்பார். முன் பக்கங்களை ஒரு முறை புரட்டிவிட்டு, எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமல் மூடிவிடுங்கள்.

ஒரு நியாயம்: கடைசி நாலு பக்கம் இல்லாத காதல் நாவலைத் தாராளமாக வாங்கலாம். யாரை யார் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்பது பத்தாம் பக்கத்திலேயே தெரிந்ததுதான். பாதி விலைக்குக் கேளுங்கள். கடைசி நாலு பக்கம் இல்லாத துப்பறியும் நாவலை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மார்க்கெட்டில் உண்மையிலேயே தேடத் தகுந்த சரக்கு மாத நாவல்கூட அல்ல, வீட்டு பைண்டிங். வார இதழ்களில் வந்த தொடர்கதையை வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்து, ஒரு நாள் பைண்டிங் கடையில் கொடுத்துக் கலிகோ துணி ஒட்டிய தொகுப்புகள். புத்தகப் பதிப்பில் இல்லாத ஓவியங்கள் இதில் இருக்கும். ஜெயராஜும் மாருதியும் வரைந்த பக்கங்களுக்காகவே இவற்றைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தின் பின்புறம் அந்தக் காலத்துத் துணுக்கும் சோப்பு விளம்பரமும் இலவசம். விற்பவர்களுக்கு இதன் அருமை சில சமயம் தெரியாது, சில சமயம் நம்மைவிட நன்றாகத் தெரியும். வாங்குமுன் ஒவ்வொரு வாரத்தின் அத்தியாய எண்ணையும் வரிசையாகப் பாருங்கள். விடுபடுவது பெரும்பாலும் சிறப்பிதழ் வாரம். தீபாவளிச் சிறப்பிதழ் அளவில் பெரிதாக இருந்தால் அந்தத் தாள் பைண்டிங்குக்குள் அடங்காது. மடித்து வைத்திருப்பார்கள், அல்லது வெட்டியதில் இரண்டு பத்தி போயிருக்கும், அல்லது சேர்க்காமலே விட்டிருப்பார்கள். ஒரு வாரம் போனால் பரவாயில்லை, அடுத்த வாரத்து முன்கதைச் சுருக்கம் காப்பாற்றும். கடைசி வாரம் போனால் காப்பாற்ற ஆள் இல்லை.

விலையைப் பற்றிச் சுருக்கமாக. அட்டையில் 5 ரூபாய் என்று அச்சாகியிருக்கிறது என்று வாதாடினால் கடைக்காரர் முகம் திரும்பிவிடும். தனி இதழுக்குத் தனி விலை பேசாமல், பத்தைத் தேர்ந்தெடுத்து அடுக்கிவிட்டு மொத்தமாகக் கேளுங்கள். சாதாரண மாத நாவலுக்கு 30 ரூபாய்க்கு மேல் போக வேண்டிய அவசியம் இல்லை. போகியை ஒட்டி வீடுகள் ஒழியும். அந்தச் சமயத்தில் பழைய பேப்பர் கடைகளுக்கு வருவது கொஞ்ச நாளில் இங்கே வந்து சேரும். தை, மாசியில் போவது புத்திசாலித்தனம். ஐப்பசி, கார்த்திகையில் வாங்காதீர்கள். தார்ப்பாய் மூடியிருந்தாலும் அடியில் இருக்கும் கட்டு ஈரம் இழுத்திருக்கும். மேலாகப் பார்த்தால் தெரியாது. இதழை விரித்து மூக்கருகே வைத்தால் பூசண வாடை சொல்லிவிடும். ஒன்றில் வாடை இருந்தால் அந்தக் கட்டையே விடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் வேலை இருக்கிறது. மாத நாவல் நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சானது. மரக்கூழில் தங்கிவிடும் லிக்னின் வெயிலிலும் காற்றிலும் பட்டுப் பழுப்பாகி நொறுங்கும். ஆகவே மொட்டைமாடி வெயிலில் காயப்போடுவது தப்பு. நிழலில், ஃபேன் காற்றில் விரித்து வைத்தால் போதும். கடலோர ஊர்களில் அதைவிடப் பெரிய எதிரி பின். உப்புக் காற்றில் துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளை அரித்துத் தின்றுவிடும். மழுங்கிய கத்தி முனையால் பின்னின் இரண்டு காலையும் நிமிர்த்தி, மறுபக்கமிருந்து மெதுவாக இழுத்து எடுத்துவிட்டு, அதே துளை வழியாகப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். ஓரப்பின் இதழுக்குச் சாதாரண ஊசி இறங்காது, கோணி ஊசி வேண்டும். செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் டேப் உரிந்து விழும். பசை மட்டும் மஞ்சள் கறையாகத் தாளில் தங்கும்.

ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று தெரிய இதழை வெள்ளைத் துணி மேல் தட்டுங்கள். இருந்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைத் திறக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே விட வேண்டும். இல்லாவிட்டால் வியர்த்துத் தாள் நனையும். வேப்பிலையும் வசம்பும் அலமாரிக்கு நல்லது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் பூச்சியை அவை ஒன்றும் செய்வதில்லை.

இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்களுக்கு மின்னூல் இருக்கிறது. கிண்டிலில் தமிழ் மாத நாவல் எழுத்தாளர்கள் பலர் கிடைக்கிறார்கள். கடைசிப் பக்கம் காணாமல் போகாது, எழுத்தைப் பெரிதாக்கலாம். வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு அதுதான் சரி. ஓவியமும் வாசகர் கடிதமும் அதில் வராது.

படித்து முடித்ததை அதே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, வித்தியாசம் மட்டும் கட்டி வேறு எடுக்கலாம். தெரிந்த முகமாகிவிட்டால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். கொடுக்கும்போது காதல் நாவல்களை மேலே வைத்துக் கொடுங்கள், அவைதான் சீக்கிரம் விற்கும் என்பதால் நல்ல விலை போடுவார். நூலால் தைத்துச் சரிசெய்த இதழுக்கு ஐந்து ரூபாய் கூடவே கேட்கலாம். வீட்டு பைண்டிங்கை மட்டும் திருப்பாதீர்கள்; அடுத்த வாரம் அதே இடத்தில் இரண்டு மடங்கு விலையில் இருக்கும்.